பன்னீர்ச் செம்பில் ஆரஞ்சுப் பூ

நம் செட்டில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது கண்ணாடி. பாதிப் பேருக்குக் காது மந்தம். முழங்காலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூக்கு ஒன்றுதான் இன்னும் புகார் சொல்லாமல் உழைக்கிறது. போன வாரம் அரபுத் தெருவில் ஒரு கடையைத் தாண்டும்போது அது என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. நான் ஓரிடத்தில் நிற்கிற ஆளில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்குக்கூட நடந்துகொண்டேதான் காத்திருப்பேன். அப்படிப்பட்டவள் வெயிலில் நின்றேன், கடைக்காரர் வெளியே வந்து நாற்காலி போடட்டுமா என்று கேட்கும்வரை.

அந்த வாசனை ஆரஞ்சுப் பூவுடையது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்திருப்போம்? சீனப் புத்தாண்டு வந்தால் கடைக்குக் கடை தொட்டியில் செடி வைப்பார்கள். அதில் பழம்தான் தொங்கும், பூவை நான் பார்த்ததில்லை. பார்க்காத பூ ஒன்று எங்கள் வீட்டை ஒரு பருவம் முழுக்க ஆட்டிவைத்தது. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஃபேரர் பார்க் பக்கம் பிரியும் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூர் இன்னும் தனி நாடாகவில்லை. மைதானத்துப் பக்கம் எப்போது பார்த்தாலும் கூட்டம், ஒலிபெருக்கி, கைதட்டல். யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள், யாரோ கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே அந்த வருஷத்தைக் கழித்தேன் என்று நினைக்கிறேன். அம்மா, "உன் காலுக்குள்ள என்னதான் இருக்கோ" என்று அலுத்துக்கொள்வாள்.

என்னைவிட அக்கா பத்து வயது மூத்தவள். நகரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து வாங்கும் பெரிய கடை ஒன்றில் சென்ட் கவுண்டரில் வேலை. கவுண்டரில் நின்ற ஒரே தமிழ்ப் பெண் அவள்தான். காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக இறங்கிப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது படியில் அவளுக்கு முன்னால் வாசனை ஏறி வரும். கைப்பையில் மெல்லிய காகிதத் துண்டுகள் இருக்கும். வாடிக்கையாளர் முகர்ந்து பார்ப்பதற்காகச் சென்ட்டில் தோய்த்துக் கொடுப்பது. கீழே எறிய மனமில்லாமல் எனக்குக் கொண்டுவருவாள். நான் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தேன்.

அந்த டின்னைத் திறந்தால் அக்காவுக்குப் பேச்சு வந்துவிடும். மற்ற நேரத்தில் அவள் அதிகம் பேசமாட்டாள்.

"இத மோந்து பாரு. காலைல இது எலுமிச்ச மாதிரி இருந்துச்சு. மத்தியானம் பூவாயிடுச்சு. இப்ப பாரு, கசக்குது."

"வாசனை எப்படிக் கசக்கும்?"

"கசக்கும்லா. நல்லா இழு. ஆரஞ்சுப் பூ அது. பூவ வேகவச்சு ஆவி புடிப்பாங்களாம். மேல மெதக்குற எண்ணெயதான் சென்ட்டுக்கு எடுப்பாங்க. கீழ நிக்கிற தண்ணியும் வாசமா இருக்கும். அதயும் வீணாக்க மாட்டாங்க. நம்ம ஓடிகொலோன் இருக்குல்ல, அதுக்குள்ளயும் இந்தப் பூதான்."

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மத்தியானம் நான் படியேறி வந்தபோது, அம்மா தனியாக உட்கார்ந்து என் டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும், "நாரத்தம்பூ மாதிரி இருக்கு" என்று சொல்லித் திரும்பப் போட்டுவிட்டாள். என் டின்னை ஏன் தொட்டாய் என்று சண்டை போட்டேன்.

ஓடிகொலோன் நம் வீடுகளில் எதற்கு இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். சாவு விழுந்தால் பாட்டில் பாட்டிலாகத் தெளிப்பார்கள். அந்தப் பருவத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியவர் போனார். மகன் பினாங்கிலிருந்து வரவேண்டும் என்று உடலை வைத்திருந்தார்கள். அந்த வெக்கையில் வேறு என்ன செய்ய முடியும்? ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். துணைக்குப் போய் உட்கார்ந்திருந்த அம்மா வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்தாள். அப்புறமும் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"இது போகவே மாட்டேங்குது. இனிமே இந்த வாசனை வந்தாலே எனக்குப் பொணந்தான் ஞாபகம் வரும்" என்றாள்.

அக்கா சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாவைப் பற்றி இனிமேல்தான் சொல்லவேண்டும். துறைமுகத்தில் கிளார்க். நேர்மையானவர், கோபக்காரர், பொடி போடுகிறவர். அவர் பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கருவாடும் கற்பூரமும் அவருக்கு ஒன்று. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். பால் தீய்ந்தால் அம்மா, "என்னங்க, தீஞ்ச வாட வருதுல்ல?" என்பாள். "அப்பவே வந்துச்சு, ஏன் பாக்காம இருந்தே?" என்பார். அம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் பாத்திரத்தை இறக்கிவைப்பாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

அக்காவுக்குச் சம்பந்தம் செம்பவாங்கிலிருந்து வந்தது. மாப்பிள்ளை கடற்படைத் தளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் உண்டு. அவருடைய அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தகப்பன் செத்தால் வருஷம் திரும்புவதற்குள் பிள்ளைக்குக் கல்யாணத்தை முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப்போய்விடும். நம்மவர்கள் கணக்கு அது. அதனால் அவர்களுக்கு அவசரம். அவர்கள் அவசரம் அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது.

அக்கா அப்பாவிடம் ஒரு முறைதான் பேசிப்பார்த்தாள்.

"அப்பா, எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு."

"யாரு இல்லேன்னா? புடிச்சதெல்லாம் ஆயுசு பூரா செய்ய முடியுமா? கண்டவன் மேலயும் சென்ட் அடிச்சுவிடறது ஒரு வேலையா? நல்ல எடம். வாய மூடிட்டு உக்காரு."

அதற்குமேல் அப்பாவிடம் யாரும் பேசமுடியாது. அக்கா அடுக்களைக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவோரம் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. எனக்குன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதான். அங்க போயி நான் என்னம்மா பண்ணுவேன்?"

"உங்கப்பாகிட்ட நான் சொல்லி எது நடந்திருக்கு?" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரல் எரிச்சலாக இருந்தது. அக்கா மேல் எரிச்சல் என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக உட்காரவில்லை. அப்பா சாப்பிட்டுக் கை கழுவியதும் கீழே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் இறங்கி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். அக்கா ஜன்னலுக்குப் போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். வரும்போது காகிதத் துண்டு கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள். நான் கீழ்வீட்டு டீச்சரிடம் ஓடிவிடுவேன். அவர் மாதாகோயிலுக்குப் போகிறவர், கணவரும் டீச்சர்தான். அவர்கள் கூடத்தில் கண்ணாடி மூடிக்குள் ஒரு வெள்ளைப் பூவளையம் இருந்தது. எல்லாம் மெழுகு. அவர் கல்யாணத்தன்று தலையில் வைத்தது.

"என்ன பூ டீச்சர் இது?"

"ஆரஞ்சுப் பூ. வெள்ளைக்காரங்க வழக்கம்மா. கல்யாணப் பொண்ணுன்னா இதத்தான் வைப்பாங்க. நெஜப்பூவுக்கு இங்க எங்க போறது?"

நான் குனிந்து மூடிமேல் மூக்கை வைத்து முகர்ந்தேன். தூசி வாசனைதான் வந்தது. டீச்சர் சிரித்தார்.

பெண் பார்க்க நாள் குறித்ததும் அப்பாவுக்குப் பன்னீர்க் கவலை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு இருந்தது, நீளக் கழுத்தும் முனையில் சல்லடையும் வைத்தது. வருகிறவர்களை வாசலில் நிறுத்தி அதிலிருந்து தெளிக்காவிட்டால் அப்பாவுக்கு மரியாதை முழுமையாகாது. தேக்கா மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் விற்கிற பன்னீர் வெறும் தண்ணீர் என்பது அவர் கட்சி. என்னைக் கூட்டிக்கொண்டு அரபுத் தெருவில் ஒரு அத்தர் கடைக்குப் போனார்.

"நல்ல பன்னீர் இன்னும் வரலண்ணே. கப்பல் லேட்டு" என்றார் கடைக்கார பாய். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு நீல பாட்டிலை இறக்கினார். அதில் வெள்ளைப் பூ படம் ஒட்டியிருந்தது. "இது இருக்கு. லெபனான் சரக்கு. ஆரஞ்சுப் பூத்தண்ணி. அரபுக்காரங்க பலகாரத்துல ஊத்துவாங்க, காப்பியில விடுவாங்க. கல்யாணம்னா இது இல்லாம நடக்காது. மோந்து பாருங்க."

அப்பா மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்தார்.

"பிரமாதம் பாய்" என்றார்.

பாயும் சந்தோஷப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவுமில்லை. நானும் எட்டி முகர்ந்தேன். எதிர்வீட்டுச் சாவு ஞாபகம் வந்தது. சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் அப்பா வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். அவர் நடைக்கு ஈடுகொடுத்து ஓடுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா அடுக்களையில் பன்னீர்ச் செம்பைத் துடைத்து வைத்திருந்தாள். முன்னால் இரண்டு பாட்டில்கள். ஒன்று அப்பா வாங்கிய நீல பாட்டில். இன்னொன்று தீபாவளிக்கு வாங்கியதில் மீந்த சாதாரணப் பன்னீர், செம்பு நிறையுமளவுக்கு இருந்தது. அம்மா நீல பாட்டிலைத் திறந்தாள். முகர்ந்தாள். சட்டென்று முகத்தை விலக்கிக்கொண்டாள். பழைய பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். மூடினாள். கை இரண்டையும் சேலையில் துடைத்தாள். கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா, "ஆச்சா?" என்று கூடத்திலிருந்து கத்தினார். அம்மா நீல பாட்டிலை எடுத்துச் செம்பில் ஊற்றி மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள்.

"நல்லா தெளி" என்றாள்.

நல்லாத்தான் தெளித்தேன். முதலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார், சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார். பின்னால் மாப்பிள்ளை, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. கடைசியில் அவருடைய அம்மா. ஒல்லியான உடம்பு, வெளிர்நிறச் சேலை, வெறும் நெற்றி. நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அவரே ஒதுங்கி ஒதுங்கி ஏறிவந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எல்லோருக்கும் தெளித்த மாதிரி அவருக்கும் தெளித்தேன்.

அவர் படியிலேயே நின்றுவிட்டார். கையை முகத்தருகே கொண்டுபோனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே" என்று மெல்லக் கூப்பிட்டார். "அவரக் கெடத்தியிருந்தப்ப அடிச்ச வாசனை இது."

தாய்மாமன் தன் கையை முகர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பு போய்விட்டது. மாப்பிள்ளையும் முகர்ந்தார். அப்பா ஓடிவந்து, "ஒசத்தியான பூத்தண்ணிங்க, கல்யாணத்துக்குத் தெளிக்கிறது" என்று என்னென்னவோ சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. அவர் கத்தவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. "வாசல்லயே பொண வீட்டு வாசனை. என்னால இத மீறி உள்ள வர முடியாது. எம்புள்ளைக்கு நான் எப்படி..."

முடிக்காமல் திரும்பி இறங்கினார். கார் கிளம்பிப் போயிற்று. நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு அழுகையாக வந்தது.

அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீல பாட்டில் மேல் பழி போட முடியாது, அதைக் கண்ணை மூடி முகர்ந்து பிரமாதம் என்றவர் அவர்தானே. மூக்கில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட மகளைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"நான் மோந்து பாத்துதான் வாங்கினேன். நல்ல சரக்கு" என்று நடுக்கூடத்தில் நின்று இரைந்தார். "கடையிலேருந்து ஓடிகொலோன கொண்டாந்து இவதான் கலந்திருக்கா. வேலைய விடக்கூடாதுன்னு இந்த வேலை பாத்திருக்கா. சொல்லு, கலந்தியா இல்லியா?"

அக்கா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக உள்ளறை வாசலில் நின்றாள். ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மா செம்பை வாங்கிப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். நல்ல இடம் கைவிட்டுப் போன துக்கம் என்று நான் நினைத்தேன். "அந்தம்மா பாவம்டி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நீல பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். சந்து முழுக்க அன்று அந்த வாசனைதான்.

அப்பா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிடுவது, கதவைத் தாழ் போடச் சொல்வது எல்லாம் என் வழியாகத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடியே என் கால் தேய்ந்தது. ஆறேழு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு பேசினார், ஆனால் பழைய பேச்சில்லை. சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? பெண் பார்க்க வந்தவர்களைப் பிண வாசனை காட்டி விரட்டியவள் என்று அக்காவுக்குப் பெயர் நின்றுவிட்டது. வேறு சம்பந்தம் வர வெகுநாள் ஆயிற்று. அவள் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். காகிதத் துண்டுகள் திரும்ப வந்தன. பின்னால் அந்தக் கவுண்டருக்கே பொறுப்பாளர் ஆனாள். தனக்குப் பிடித்தவரை, முப்பது தாண்டி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டாள். அப்பா வந்தார். வந்து ஓரமாக நின்றார்.

பிஸ்கட் டின், பன்னீர்ச் செம்பு, டீச்சரின் மெழுகுப் பூ எல்லாம் அந்தச் சந்தை விட்டுக் கிளம்பியபோது எங்கெங்கோ போய்விட்டன. அந்தப் பூவளையம் வெயிலில் உருகிக் கோணிப்போனதாக டீச்சர் ஒருமுறை வருத்தப்பட்டார். அவ்வளவுதான் தெரியும்.

அம்மா, நாங்கள் பின்னால் குடிபோன புக்கிட் மேரா வீட்டில் இறந்துபோனாள். எழுபதுகளின் கடைசி. விடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரோ கீழ்க்கடைக்கு ஓடிப்போய் ஓடிகொலோன் வாங்கிவரச் சொன்னார்கள். "வேணாம்" என்றாள் அக்கா. கைப்பையோடு அடுக்களைக்கு வந்தாள். பைக்குள்ளே ஒரு நீல பாட்டில், வெள்ளைப் பூ படம் போட்டது. நான் அடுக்களைக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அம்மா ரெண்டு பாட்டிலயும் மோந்து பாத்தாங்க. பழைய பன்னீர் இருந்துச்சு. தெரிஞ்சேதான் இத ஊத்தினாங்க. எனக்கே இது இப்பதான், இவங்கள குளிப்பாட்டறப்ப இவங்க சொன்ன பொண வாசனை ஞாபகம் வந்துதான் புரிஞ்சுது."

அக்கா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "நான் பின்னாடி கதவு இடுக்குல நின்னுட்டுதானே இருந்தேன். அம்மா தலையத் தூக்கி என்னப் பாத்தாங்க. அப்புறந்தான் ஊத்தினாங்க."

"அப்புறம் ஏன் நீ அப்பாகிட்ட..."

"என்னன்னு சொல்றது? அம்மாதான்னு சொல்லவா? அவர் என்னோட ஆறு மாசம் பேசல. அம்மாவோடன்னா ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டாருடி."

"அம்மாகிட்டயாச்சும் பேசினியா?"

"இல்ல. அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. கடையிலேருந்து வந்ததும் என் கையப் புடிச்சு மோந்து பாப்பாங்க. இன்னிக்கு என்ன பூன்னு கேப்பாங்க. அது போதும்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம், நான் அது என்னவென்று புரியாமலே. நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான் வருகிறது.

கூடத்தில் அப்பா அம்மாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொல்லி அவர் பொடியை விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு திரும்பியிருந்தது. சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்று அவராகவே சொல்லி எங்களைத் திகைக்கவைத்திருந்தார். அக்கா குனிந்து அம்மாவின் நெற்றியில், கழுத்தில், கோத்த கைகளில் அந்தத் தண்ணீரைத் தெளித்தாள். வாசனை எழுந்தது. முதலில் எலுமிச்சை, பின்னால் பூ.

அப்பா நிமிர்ந்தார். சுற்றிப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"இது அன்னிக்கு நான் வாங்கினது இல்ல?" என்றார்.

"ஆமாப்பா. அதேதான்."

மறுபடி மூச்சிழுத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். குரல் உடைந்தது. "இதுக்கா நான் உன்னோட அத்தன மாசம் பேசாம இருந்தேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். 

அப்பா வலது உள்ளங்கையை நீட்டினார், கல்யாண வீட்டு வாசலில் நீட்டுவது போல. அக்கா அதில் கொஞ்சம் ஊற்றினாள். அவர் அதைத் தன் மேல் பூசிக்கொள்ளாமல் அம்மாவின் நரைத்த தலையில் தடவிவிட்டார்.